பொறியின் காலக்குறி

உழவுக்குப் பருவம் இன்றியமையாதது. நிலம் நன்றாக இருக்கலாம். வித்தும் நன்றாக இருக்கலாம். கிணற்றில் நீரும் ஊறலாம். எனினும் பட்டம் தவறி விதைத்தவன் அறுவடை நாளில் வெறுங்களத்தில் நின்று கைபிசைவான். உழவனுக்குத் திங்கள் கணக்கில் அமைந்த இப்பருவம், அவன் நிலத்தை உழுகின்ற டிராக்டரின் வயிற்றினுள் நொடியின் ஆயிரத்திலொரு கூற்றுக் கணக்கில் அமைந்துள்ளது. எரிபொருள் எரிய வேண்டிய கணத்தில் எரிந்தால் பொறி உழும். முந்தி எரிந்தால் தட்டும். பிந்தி எரிந்தால் புகையும். அக்கணம் இன்னது என்பதைப் பொறியைச் செய்தோர் இரும்பின்மேல் ஒரு புள்ளியாகவோ ஒரு கோடாகவோ பொறித்து வைத்தனர். பட்டறையில் அதனை ‘டைமிங் மார்க்’ என்பர்; நாம் காலக்குறி என்போம். பழைய டிராக்டர் ஒன்றில் அக்குறிகளைத் தேடிக் காண்பது எவ்வாறு, அவை தேய்ந்து மறைந்திருப்பின் மீட்பது எவ்வாறு என்பனவே இப்பாடத்தின் பொருள்.

சேலம் நகருக்கு வடபால், ஏர்க்காட்டு மலையின் அடிவாரப் பக்கம் கொண்டப்பநாயக்கன்பட்டி என்னும் ஊர் உள்ளது. இப்பகுதியிலிருந்து தெற்கே நாமக்கல் வரையிலும் பரந்து கிடப்பது பெரும்பாலும் கிணற்றை நம்பிய மேட்டு நிலமாகும். நிலக்கடலையும் மரவள்ளியும் சோளமும் விளையும் இந்நிலத்தில் முன்னாளில் எருது பூட்டிக் கவலை இறைத்தனர். எருது பூட்டியே ஏரும் உழுதனர். பின்னர்க் கிணற்றுமேட்டுக்கு எண்ணெய் எஞ்சின் வந்தது. அதன்பின் காட்டுக்கு டிராக்டர் வந்தது. இங்குக் காடு என்பது மரஞ்செறிந்த வனமன்று. புன்செய் நிலத்தை இந்நாட்டார் காடு என்றே வழங்குவர்.

டிராக்டர் வந்த வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப்பின் எஞ்சிக் கிடந்த இழுபொறிகளைக் கொண்டு 1947இல் நடுவணரசு மத்திய டிராக்டர் அமைப்பினை நிறுவியது. களை மண்டிய தரிசுகளையும் வனங்களையும் விளைநிலமாக்குவது அதன் பணி. உழவர் தம் நிலத்தில் ஓட்டத்தக்க சிறு டிராக்டர்கள் அந்நாளில் அயல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தன. இங்கிலாந்தின் கோவன்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட பெர்குசன் டி.இ.20 என்னும் டிராக்டர் உலகெங்கும் பெயர்பெற்றது. எவரெஸ்டுச் சிகரம் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, 1958ஆம் ஆண்டு ஜனவரியில் தென்முனையை அடைந்தது இவ்வகை டிராக்டரைச் செலுத்தியேயாம். உழவுக்குப் பிறந்தது உறைபனியிலும் சென்றது! நம் நாட்டில் 1959இல் பரிதாபாத்தில் ஐஷர் டிராக்டர்கள் உருவாகத் தொடங்கின. 1960இல் சென்னையில் டாபே நிறுவனம் தோன்றி, மாசி பெர்குசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு டிராக்டர் செய்யலாயிற்று. அதற்கு எஞ்சின் தந்தது, பெர்க்கின்ஸ் உரிமம் பெற்று டீசல் எஞ்சின் செய்துவந்த சென்னைச் சிம்சன் நிறுவனம்.

அக்காலத்து மாசி பெர்குசன் டிராக்டரின் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினுக்குச் சிலிண்டர் மூன்று. ஒவ்வொன்றின் விட்டம் 3.6 அங்குலம், அதனுள் பிஸ்டன் ஏறியிறங்கும் தொலைவு 5 அங்குலம். மூன்றன் கொள்ளளவும் சேர்ந்து ஏறத்தாழ 152 கன அங்குலம் ஆதலின், எஞ்சினின் பெயரிலேயே 152 என்னும் எண்ணை வைத்தனர். வட்டத்தின் பரப்பளவு காணக் கற்ற மாணவர் இதனைத் தாமே பெருக்கிப் பார்க்கலாம்.

அறுபது ஆண்டு கடந்த இத்தகைய டிராக்டர்கள் இன்றும் சில கொட்டகைகளில் நிற்கின்றன. பாட்டன் வாங்கியதைப் பேரன் பழுது நீக்கி ஓட்ட விரும்புகின்றான். உடன் வந்த கையேடு கறையானுக்கு இரையாகியிருக்கும். பழுது பார்த்தவர் பலராகியிருப்பர். ஒருவர் கழற்றியதை மற்றொருவர் பூட்டியிருப்பார். அந்நிலையில் வழிகாட்ட எஞ்சியிருப்பவை அந்தப் புள்ளிகளும் கோடுகளுமே.

இனி, பொறி இயங்கும் முறையைக் காண்போம். சிலிண்டர் என்பது குழாய் போன்றது. அதனுள் பிஸ்டன் மேலும் கீழுமாக நகரும். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைக் கிராங்க் என்னும் வளைதண்டு சுழற்சியாக மாற்றும். பிஸ்டன் முதலில் இறங்கிக் காற்றை உள்ளிழுக்கும். அடுத்து ஏறி அக்காற்றை நெருக்கும். எரிபொருள் எரிய, அவ்விசையால் மீண்டும் இறங்கும். பின்னர் ஏறிப் புகையை வெளியேற்றும். இந்நான்கு வீச்சும் முடியக் கிராங்க் இருமுறை சுழல்கின்றது. காற்று புகவும் புகை போகவும் கதவுகளாக நிற்பவை வால்வுகள். அவற்றைத் திறந்து மூடும் கேம் தண்டு, நான்கு வீச்சுக்கு ஒருமுறை சுழன்றாற் போதும். ஆகவே, கேம் தண்டின் பற்சக்கரத்துக்குக் கிராங்கின் பற்சக்கரத்தைப்போல் இருமடங்கு பற்கள் உண்டு. இந்த ‘ஒன்றுக்கு இரண்டு’ என்னும் கணக்கினை நினைவிற் கொள்க. பின்வருவன யாவும் இதன்மேல் நிற்கின்றன.

டீசல் பொறியில் தீப்பொறி இல்லை. காற்றினைப் பதினாறு பதினேழு மடங்கு நெருக்கும்போது அது 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுகின்றது. அதில் எண்ணெயைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். எனினும் தூவிய கணத்திலேயே முழுதும் எரிந்துவிடாது. எண்ணெய் ஆவியாகிக் காற்றொடு கலந்து பற்றுதற்குச் சிறிது நேரம் வேண்டும். ஆதலால் பிஸ்டன் உச்சியை அடையுமுன்னரே தூவத் தொடங்குகின்றனர். கிராங்கின் சுழற்சிக் கணக்கில் உச்சிக்கு 18 பாகை முன்னே என்று கொள்வோம். பொறி நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடுகின்றதாயின், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் நொடியில் நூற்றில் மூன்று கூறு. ஒரு பாகைக்கு ஆகும் நேரம் நொடியில் பன்னீராயிரத்தில் ஒரு கூறு. 18 பாகையைக் கடக்க ஆவது ஒன்றரை மில்லி நொடி. கண் இமைப்பதற்குள் இத்தகைய காலம் பன்முறை வந்து போகும்.

இவ்வளவு நுண்ணிய காலத்தைக் கடிகாரம் கொண்டு அளந்து பொறியைப் பூட்ட இயலாது. காலத்தைச் சுழற்சியின் கோணமாக மாற்றி, அக்கோணத்தைப் பற்சக்கரங்களின் பொருத்தத்தில் அடக்கி வைத்தனர். கிராங்கின் பற்சக்கரத்துக்கு 28 பற்களும் கேம் சக்கரத்துக்கு 56 பற்களும் உள்ளன என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பூட்டுவோன் ஒரேயொரு பல் தவறிப் பொருத்தினால், கிராங்கின் கணக்கில் 360ஐ 28ஆல் வகுத்த ஈவாகிய ஏறத்தாழ 13 பாகை தவறிவிடும். எண்ணெய்ப் பம்பின் சக்கரத்திலும் இவ்வாறே. 18 பாகை முன்னே விழ வேண்டிய எண்ணெய், 31 பாகை முன்னே விழும். அன்றேல் 5 பாகை முன்னே விழும். முந்தினால் ஏறிவரும் பிஸ்டனின் தலைமேல் சம்மட்டி அடித்தாற்போல் எரிவிசை மோதித் தாங்கிகளைத் தேய்க்கும். பிந்தினால் வலு குன்றி, புகை தள்ளி, எஞ்சின் கொதிக்கும். கேம் சக்கரத்தில் சில பற்கள் தவறிவிட்டாலோ, திறந்து நிற்கும் வால்வின்மேல் பிஸ்டன் வந்து முட்டும். பின்னர் நடப்பதைப் பழைய இரும்புக் கடையிற்போய்க் காண வேண்டியதுதான்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் முதிய மெக்கானிக் ஒருவர், இத்தகைய மூன்று சிலிண்டர் டிராக்டர் ஒன்றைப் பழுது பார்த்தபோது அருகிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவருடைய அக்காள் மகன் அவரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்தான்.

“மாமா, முன்மூடியைக் கழற்றிவிடட்டுமா?” என்று அவன் ஸ்பானரை எடுத்தான்.

“பொறு கண்ணு. முதல் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்து. எந்தப் புள்ளி எதன் எதிரே நிற்கிறது என்று பார்த்துத் தாளில் வரைந்துகொள். கழற்றுவதற்கு அரை நாழிகை போதும், பார்க்காமல் கழற்றிவிட்டால், பூட்டுவதற்கு நாலு நாள் போதாது” என்றார் அவர்.

கியரை நடுநிலையில் வைத்து, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, பேட்டரியின் கம்பியை அகற்றி, எண்ணெய் நிறுத்தும் குமிழை இழுத்து விட்ட பின்னரே அவர் பொறியில் கைவைத்தார். இவ்வகை எஞ்சினில் ரேடியேட்டர்ப் பக்கம் இருப்பதே முதல் சிலிண்டர். அதன் பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலை, இரு சுற்றில் இருமுறை நேரும். ஒருமுறை காற்றை நெருக்கி முடித்த உச்சி; மற்றொருமுறை புகையை வெளியேற்றி முடித்த உச்சி. நமக்கு வேண்டுவது முன்னது. பிரித்தறிவது எங்ஙனம்? எண்ணெய் தூவும் நாசிலைக் கழற்றி, அத்துளையின்மேல் துணிச்சுருள் ஒன்றை வைத்து, கிராங்கைக் கையால் மெல்லத் திருப்ப வேண்டும். நெருக்கும் வீச்சாயின் காற்று துணியைத் தூக்கி எறியும். மேல்மூடியைக் கழற்றி வால்வுகளைப் பார்த்தும் அறியலாம். காற்று வால்வு திறந்து மூடியபின் பிஸ்டன் ஏறுமாயின் அது நெருக்கும் வீச்சு. நான்கு சிலிண்டர்ப் பொறிகளில் வேறோர் எளிய வழியும் உண்டு: நான்காம் சிலிண்டரின் வால்வுகளில் ஒன்று மூடி மற்றொன்று திறக்கத் தொடங்கும் கணத்தில், முதல் சிலிண்டர் நெருக்கும் உச்சியில் நிற்கும். மூன்று சிலிண்டருக்கு இவ்விணை இல்லாமையால் அந்த வழி உதவாது.

குறிகள் எங்கெங்கே உள்ளன? பொறிக்குப் பொறி இடம் மாறும். சிலவற்றில் முன்புறப் புல்லியின் விளிம்பில் ஒரு வெட்டும், அதற்கெதிரே மூடியில் ஒரு முள்ளும் இருக்கும். சிலவற்றில் பின்புறத்தே, பிளைவீல் என்னும் பாரச்சக்கரத்தின் விளிம்பில் உச்சியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துக்களும் கோடும் பொறித்திருப்பர். அவற்றைக் காண்பதற்குச் சக்கரக் கூட்டில் விரல் நுழையும் அளவான சிறு சாளரம் உண்டு. அதன் தகட்டைச் சேறும் எண்ணெய்க் கசடும் மூடி நிற்பதால், அங்கே ஒரு வழி இருப்பதையே பலர் அறியார். முன்மூடியினுள் உள்ள பற்சக்கரங்களிலோ, ஒன்றன் பல்லில் ஒரு புள்ளியும் மற்றதன் இரு பற்களிடையே ஒரு புள்ளியுமாக உளியால் குத்தியிருப்பர். எண்ணெய்ப் பம்பின் விளிம்பிலும், அது பொருந்தும் கூட்டிலும் நேர்நேராக ஒரு கீறல் கீறியிருப்பர்.

கண்டுபிடிப்பதற்கும் ஒரு கைத்திறம் வேண்டும். மண்ணெண்ணெய் இட்டுக் கழுவிய பின்னரும் குறி தென்படவில்லையாயின், அரத்தை எடுத்தல் ஆகாது. அரம் துருவோடு குறியையும் அராவிவிடும். அம்மெக்கானிக் விளக்கை நேரே பிடிக்கவில்லை; சாய்த்துப் பிடித்தார். சாய்ந்த ஒளியில் குழி தன் நிழலால் தன்னைக் காட்டிற்று. மங்கிய கீறலின்மேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்துத் துணியால் துடைத்தார். மேற்பரப்பு கறுத்து நிற்க, கீறல் மட்டும் வெண்கோடாக எழுந்தது. கல்வெட்டுப் படிப்போரும் சாய்ந்த ஒளியில்தான் எழுத்தைத் தேடுவர். ஊரின் கோயிற்சுவரில் எழுத்துத் தேடிப் பழகிய எனக்கு, இரும்பிலும் அதே வழி என்பது வியப்பாக இருந்தது.

இங்கே புதியவர்களை மயக்கும் செய்தி ஒன்று உண்டு. கிராங்க் சக்கரத்துக்கும் கேம் சக்கரத்துக்கும் நடுவே ‘ஐட்லர்’ என்னும் இடைச்சக்கரம் நிற்கின்றது. புள்ளிகள் எல்லாம் நேர்ப்படப் பூட்டியபின், கிராங்கை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தால், இடைச்சக்கரத்தின் புள்ளி வேறெங்கோ நிற்கும்! பையனும் அதைக் கண்டு முகம் வாடி, “பல் தவறிவிட்டது, மாமா” என்றான். தவறவில்லை. இடைச்சக்கரத்துக்கு 63 பற்கள் என்று கொள்வோம். 28, 56, 63 ஆகிய மூன்று எண்களின் மீச்சிறு பொது மடங்கு 504 ஆகும். ஆகவே 504 பற்கள் கடந்த பின்னரே மூன்று சக்கரங்களின் புள்ளிகளும் மீண்டும் ஒருங்கே கூடும். அப்போது கிராங்க் 18 சுற்றும், கேம் தண்டு 9 சுற்றும், இடைச்சக்கரம் 8 சுற்றும் சுழன்றிருக்கும். இடைச்சக்கரத்தின் புள்ளி பூட்டும்போது மட்டும் பயன்படுவது. ஓட்டத்தில் அது எங்கிருந்தாலும் குற்றமில்லை. பள்ளியில் மீச்சிறு பொது மடங்கினை வெறுத்தவன் பட்டறையில் அதனைத் தேடுவான் என்று நான் சொல்ல, அம்மெக்கானிக் சிரித்தார். அவர் அக்கணக்கை விரல்விட்டே போட்டுவைத்திருந்தார்.

இனி, குறி அறவே மறைந்துவிட்ட பொறியை எடுத்துக்கொள்வோம். புல்லியை மாற்றியிருக்கலாம், வேறொரு பாரச்சக்கரத்தைப் பூட்டியிருக்கலாம். அப்போது உச்சியை நாமே காண வேண்டும். பிஸ்டன் ஏறி நிற்கும் இடத்தைக் கண்ணாலோ கம்பியாலோ பார்த்துக் குறித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அது பிழைபட்டுவிடும். உச்சியருகே கிராங்க் ஐந்து பாகை திரும்பினாலும், நாம் கூறிய எஞ்சினில் பிஸ்டன் அரை மில்லிமீட்டர்கூட நகராது. வீச்சின் நடுப்பகுதியிலோ அதே ஐந்து பாகைக்கு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நகரும். உச்சியில் பிஸ்டன் தயங்கி நிற்பதால், உச்சி எது என்பதை உச்சியிலேயே நின்று அறிய இயலாது.

இவ்விடர் நம் முன்னோர்க்குப் புதிதன்று. நண்பகல் எப்போது என்று அறிய நிலத்தில் கோல் நட்டு நிழலைப் பார்த்தால், நண்பகல் நெருங்குகையில் நிழலின் நீளம் மாறாததுபோலவே நிற்கும். ஆதலின் சிற்ப நூலார் வேறு வழி கண்டனர். கோலைச் சுற்றி ஒரு வட்டம் வரைவர். முற்பகலில் நிழலின் நுனி சுருங்கிவந்து வட்டத்தைத் தொடும் புள்ளியைக் குறிப்பர். பிற்பகலில் நீண்டு வட்டத்தைக் கடக்கும் புள்ளியைக் குறிப்பர். இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. அதன் நடுவே செங்குத்தாக வரைந்தால் வடக்குத் தெற்குக் கோடு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர், பாண்டியன் அரண்மனையை வகுத்த செய்தியைக் கூறுமிடத்து, நூலறிந்தோர் கோல்களின் நிழல்கொண்டு, ஞாயிறு ஒருபுறமும் சாயாத நண்பகற் பொழுதினை அறிந்து, கயிறிட்டுத் திசை கண்டதைச் சொல்கின்றார். அப்பகுதியைப் பல்லாண்டு வகுப்பில் நடத்தியிருக்கின்றேன். அன்று பட்டறையில் கண்டதும் அவ்வகை அளவையே.

அம்மெக்கானிக் ஒரு போல்ட்டினை நாசில் துளையில், பிஸ்டன் உச்சியை அடையுமுன் தடுக்கும் அளவுக்கு நீட்டிப் பொருத்தினார். கிராங்கைக் கையால் மெல்லத் திருப்பினார். பிஸ்டன் போல்ட்டை மெல்லத் தொட்டு நின்றது. பாரச்சக்கரத்தின் விளிம்பில், சாளரத்தின் முள்ளுக்கு நேரே ஒரு கோடு இட்டார். பின்னர் எதிர்ப்புறமாகத் திருப்பினார். பிஸ்டன் இறங்கி, மறுபுறம் ஏறி, மீண்டும் அதே போல்ட்டைத் தொட்டது. அங்கும் ஒரு கோடு இட்டார். இரு கோட்டின் இடைவெளியைச் சக்கர விளிம்போடு வளைத்து நூலால் அளந்து, நூலை இரண்டாக மடித்து, நடுவில் மூன்றாவது கோடு இட்டார். அதுவே உச்சி. தடையை எடுத்துவிட்டு அக்கோட்டை முள்ளுக்கு நேரே கொண்டுவந்தால், பிஸ்டன் உச்சியில் நிற்கும். முரட்டு விசையோடு திருப்பினால் போல்ட் பிஸ்டனின் தலையைத் துளைத்துவிடும். ஆதலால் இவ்வேலையில் ஸ்டார்ட்டரைத் தொடுதல் ஒருபோதும் கூடாது.

உச்சி கிடைத்தபின் ஏனைய பாகைகளைக் காண்பது எளிது. சக்கரத்தின் சுற்றளவு 108 சென்டிமீட்டர் எனின், 360ஆல் வகுக்க, ஒரு பாகைக்கு 3 மில்லிமீட்டர். 18 பாகைக்கு 54 மில்லிமீட்டர். உச்சிக்கோட்டிலிருந்து, அதற்கு முன்னே முள்ளைக் கடக்கும் பக்கமாக 54 மில்லிமீட்டர் அளந்து மற்றொரு கோடு இட வேண்டும். பக்கம் மாறினால் எல்லாம் மாறும். பொறி எப்பக்கம் சுழல்கின்றது என்பதை முதலில் அம்பு வரைந்து குறித்துக்கொள்வது அறிவுடைமை. தம் பொறிக்கு உரிய பாகை எவ்வளவு என்பதைச் செய்தோர் வெளியிட்ட நூலிலோ தகட்டிலோ கண்டறிய வேண்டும். நான் இங்குச் சொன்ன 18 என்பது கணக்கு விளங்குதற்கு மட்டுமே.

இக்காலப் பொறிகளில் இவ்வேலையை மின்னணுவியல் ஏற்றுக்கொண்டது. கிராங்கோடு சுழலும் பல்வட்டு ஒன்றில், அறுபது பற்களுக்குரிய இடத்தில் இரண்டு பற்களை விட்டுவிடுவது ஒரு வழக்கம். உணர்கருவி அந்த வெற்றிடம் கடப்பதை உணர்ந்து கணக்கிடும்.

மீண்டும் பழைய பொறிக்கு வருவோம். எண்ணெய்ப் பம்பு இருவகைப்படும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி உந்துதண்டு உடைய வரிசைப் பம்பு ஒருவகை; ஒரே சுழலியால் எல்லாச் சிலிண்டருக்கும் பங்கிடும் பம்பு மற்றொரு வகை. பின்னதன் பக்கத்தகட்டைத் திறந்தால், சுழலியின் தட்டில் ஆங்கில எழுத்துப் பொறித்த கோடுகள் தெரியும். அவற்றுள் உரிய எழுத்தின் கோட்டை உள்வளையத்தின் குறியோடு நேர்ப்படுத்த வேண்டும். வரிசைப் பம்பில் நம் பட்டறையார் கையாளும் முறை மிக அழகியது. முதல் சிலிண்டருக்குச் செல்லும் குழாயையும் உள்ளிருக்கும் சிறு வால்வினையும் அகற்றி, வளைந்த சிறுகுழாய் ஒன்றைப் பூட்டுவர். தொட்டியிலிருந்து எண்ணெய் தானே இறங்கி அதன் வழியே ஒழுகும். கிராங்கை ஓடும் பக்கமாக மெல்ல மெல்லத் திருப்ப, பம்பின் தண்டு ஏறி எண்ணெய் புகும் துளையை மூடும். ஒழுக்கு மெலிந்து துளியாகும், துளி நின்றுவிடும். நின்ற கணமே எண்ணெய் தூவத் தொடங்கும் கணம். அப்போது பாரச்சக்கரத்தின் 18 பாகைக்கோடு முள்ளின் எதிரே நிற்க வேண்டும். நில்லாவிடின் பம்பினைத் தளர்த்திச் சிறிது திருப்பிச் சரிசெய்வர். குறியைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னுக்குத் திருப்பி நிறுத்துதல் கூடாது. பற்களுக்கிடையே உள்ள தளர்வு கணக்கைக் கெடுக்கும். நன்றாகப் பின்னே சென்று, மீண்டும் ஓடும் பக்கமாகவே வந்து நிறுத்த வேண்டும். இத்தகைய பம்புகளும் நாசில்களும் அயல்நாட்டையே நம்பியிருந்த நிலை, 1951இல் மைக்கோ நிறுவனம் தோன்றியபின் மாறலாயிற்று.

பெட்ரோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடும் பழைய டிராக்டர்களும் உண்டு. அவற்றில் தீப்பொறியே காலத்தைக் காட்டும். டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள இரு முனைகள் பிரியும் கணத்தில் பொறி தெறிக்கும். முனைகளுக்கிடையே மெல்லிய தாள் ஒன்றை வைத்து இலேசாக இழுத்துக்கொண்டே கிராங்கைத் திருப்பினால், முனைகள் பிரிந்தவுடன் தாள் நழுவும். அவ்விடத்தில் குறி நேர்ப்படுகின்றதா என்று காண்பர்.

இவ்வகைப் பொறிகளைக் கைப்பிடி கொண்டு சுழற்றித் தொடங்குவர். அங்கேதான் காலக்குறியின் அருமை எலும்பில் உறைக்கும். தீப்பொறி மிக முந்தி விழுமாயின், மெல்ல ஏறிவரும் பிஸ்டனை எரிவிசை வந்த வழியே திருப்பி அடிக்கும். கைப்பிடி எதிர்ப்புறம் சுழன்று மணிக்கட்டை முறிக்கும். கிணற்றுமேட்டு எண்ணெய் எஞ்சினும் சில வேளை இவ்வாறு உதைக்கும். ஆதலால், கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்காமல் ஏனைய விரல்களோடு ஒருபுறமாகவே வைத்து, கைப்பிடியைக் கீழிருந்து மேல்நோக்கி இழுக்க வேண்டுமேயன்றி மேலிருந்து அழுத்தலாகாது என்று பழைய ஓட்டுநர் சொல்லித் தந்தனர். விரல் ஒருபுறம் இருந்தால் உதைக்கும்போது கைப்பிடி விரல்களை விட்டு நழுவிப்போகும். மாணவர் எவரும் பெரியோர் துணையின்றி இக்கைப்பிடியைத் தொடுதல் வேண்டா.

அன்று மாலை கொண்டப்பநாயக்கன்பட்டிப் பட்டறையில் எல்லாம் பூட்டியாயிற்று. பையன் சாவியைத் திருகப் போனான். அம்மெக்கானிக் அவனைத் தடுத்து, “இரண்டு முழுச்சுற்றுக் கையால் சுற்று, கண்ணு. எங்கேனும் தடுத்தால் நிறுத்திவிடு, அழுத்தாதே” என்றார். அவன் சுற்றினான். எங்கும் தடுக்கவில்லை. உச்சிக்கோடு முள்ளின் எதிரே வந்து நின்றது. அவர் ஒரு சிறு தூரிகையால் அதன்மேல் வெள்ளை வண்ணம் தீட்டினார்; பாகைக்கோட்டின்மேல் மஞ்சள் வண்ணம் தீட்டினார்; சாளரத் தகட்டின் உட்புறத்தில் இன்ன வண்ணம் இன்னது என்று எழுதி, ஆண்டையும் எழுதி மூடினார். அதன்பின் நாசிலைப் பூட்டி, குழாய்களில் அடைபட்ட காற்றைப் போக்கி, சாவியைப் பையன் கையிற் கொடுத்தார்.